உக்கிராணத்தின் சாவி யார் இடுப்பில்?

போன மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு வாரியான்னு அம்மா கேட்கவில்லை. வரமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நானாகவே கிளம்பிப் போனேன். கோயில் வாசல் கரும்பலகையில் ‘உக்கிராணத்துவ ஞாயிறு’ என்று சாக்பீசால் எழுதிப் போட்டிருந்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்த காலத்திலிருந்து எனக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டிருக்கிற சொல் அது.

கிறிஸ்தவர் அல்லாத தோழர்களுக்காக ஒரு வார்த்தை. நம் கையிலிருக்கும் பணம், நிலம், நேரம், திறமை எல்லாமே கடவுளுக்குச் சொந்தம்; மனுசர் அவற்றைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற உக்கிராணக்காரர் மட்டுமே என்பதுதான் இந்தப் போதனை. சீர்திருத்த சபைகளில் இதற்கென்று ஒரு ஞாயிறு ஒதுக்குவார்கள். எங்கே தொடங்கினாலும் பிரசங்கம் கடைசியில் தசமபாகத்தில், வருமானத்தில் பத்தில் ஒன்றில், வந்து நின்றுவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். ஐயர் நன்றாகவே பேசினார். (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிட வேண்டும். சாதியைத் தாண்டி வந்ததாகச் சொல்கிற மதத்தில் இந்தப் பட்டம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று யாராவது தனியாக எழுதலாம்.) “நம்மிடத்தில் இருக்கிற எதுவும் நம்முடையது அல்ல” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது சபையே அமைதியானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதுக்குள் சொன்னாள்: “ஏத்தா, நம்மகிட்ட என்ன இருக்கு, அது நம்மளது இல்லன்னு சொல்றதுக்கு?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் எழுதுகிற உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லை எடுப்போம். உக்கிராணம் என்றால் சாமான் அறை. அரண்மனையில், கோயிலில், பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், காய்கறி எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற இடம். அதன் சாவி நம்பிக்கையான ஒரு சொந்தக்காரர் இடுப்பில் இருக்கும். அவர்தான் அளந்து கொடுப்பார். எங்கள் ஊரில் மேலத்தெருக் கல்யாணங்களுக்கு விறகு பிளந்தது எங்கள் சனங்கள். வாழைமரம் கட்டியது, பந்தக்கால் நட்டது, எச்சில் இலை எடுத்தது எல்லாம் நாங்கள். உக்கிராண அறை இருக்கிற பக்கம் மட்டும் நாங்கள் போகக்கூடாது. கடைசிப் பந்தி முடிந்த பிறகு கொல்லைப்பக்கம் ஏனத்தோடு நிற்க வேண்டும்.

வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வருகிற அந்த ஆளுக்கு உக்கிராணக்காரன் என்று பெயர் வைத்தார்கள். 1995இல் வந்த திருவிவிலியம் அவரை வீட்டுப் பொறுப்பாளர் ஆக்கியது. மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் பழைய சொல்லில்தான் நெல் வாசமும் பூட்டின் துரு வாசமும் இருக்கின்றன. அதில் ஒரு சமூக வரைபடமே அடங்கியிருக்கிறது: சொந்தக்காரன் ஒருவன், சாவிக்காரன் ஒருவன், வெளியே ஏனத்தோடு நிற்பவர்கள் பலர். சபையில் இந்தப் போதனையைச் சொல்லும்போது வெளியே நிற்கிறவர்களையும் சாவிக்காரர் என்றே விளிக்கிறார்கள். எல்லோரும் உக்கிராணக்காரர்களே என்கிற இந்தச் சமத்துவம் நூறு ஏக்கர்க்காரரையும் களையெடுக்கிற என் அம்மாவையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறது. பெஞ்சில் மட்டும்.

லூக்கா சொல்கிற அந்தக் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்? நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அதையும் சொன்னவர் சுற்றிச் சுற்றி வந்து, ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி முடித்தார். காரணம் இருக்கிறது. பணக்காரர் ஒருவரின் உக்கிராணக்காரன் எசமான் சொத்தை விரயம் பண்ணுகிறான் என்று புகார் போகிறது. எசமான் கணக்கு கேட்கிறார். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அவன் கடன்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறான். எண்ணெய் நூறு அளவு கடன் என்றிருந்த சீட்டை ஐம்பதாக்கி எழுதச் சொல்கிறான். கோதுமை நூறை எண்பதாக்குகிறான். கதையின் முடிவில் எசமான் அவனைத் திட்டவில்லை, மெச்சுகிறார்.

படித்த பண்டிதர்களுக்கு இது சங்கடமாக இருக்கிறது. நேர்மையில்லாதவனை எப்படிப் பாராட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் எந்தக் கிழவிக்கும் இதில் சங்கடம் வராது. எண்ணெயாகவும் கோதுமையாகவும் குறித்திருக்கிற கடன் என்றால் அது வெள்ளாமைக் கடன் என்பது அவளுக்குத் தெரியும். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அம்பது மரக்கா நெல்லை நூறு மரக்காலாக்கின கணக்கப்பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். கடன்சீட்டில் எழுத்து எப்போதும் மேலே போய்த்தான் பழக்கம். அது கீழே இறங்குகிற ஒரே ஒரு கதை வேதத்தில் இருக்கிறது. அதைத்தான் வருசா வருசம் தாண்டிப் போகிறார்கள். சாவி கையிலிருப்பவன் செய்யக்கூடிய உருப்படியான ஒரு காரியம் கடன்சீட்டைக் குறைத்து எழுதுவது என்கிறது அந்தக் கதை. காணிக்கைப் பையை நீட்டச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பிரசங்கப் பீடம் பிடித்துக்கொண்டிருப்பது ஏழை விதவையின் இரண்டு காசை. அன்றைக்கும் ஐயர் அதைத்தான் எடுத்தார். பணக்காரர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவள் பிழைப்புக்கு இருந்ததையே போட்டாள், நாமும் அப்படிக் கொடுப்போம். இதை நான் வேறுமாதிரி வாசிக்கிறேன். மாற்கு எழுதியிருக்கிற வரிசையைக் கவனியுங்கள். இந்தக் கதைக்குச் சற்று முன்னால், நீண்ட அங்கியைப் போட்டுக்கொண்டு நீளமாக ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அடுத்தபடியாக ஒரு விதவை வருகிறாள். கையில் மிஞ்சியது இரண்டு காசு. அதையும் ஆலயம் விழுங்குகிறது. உடனே அடுத்த அதிகாரம். ஆலயத்தின் கல்லைப் பார்த்து வியக்கிற சீடரிடம், இது கல்லின் மேல் கல் இல்லாமல் இடிந்துபோகும் என்கிறார். இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால் இரண்டு காசுக் கதை பாராட்டுப் பத்திரமா, குற்றப்பத்திரிகையா? அவள் மாதிரிக் கொடுங்கள் என்று இயேசு அங்கே எங்கும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டு நடுவிலிருக்கும் விதவையை மட்டும் பிடுங்கி எடுத்து உண்டியல் பக்கத்தில் நிறுத்தியது பிற்காலத்து வாசிப்பு. பிரதியை யார் வெட்டுகிறார், எந்த இடத்தில் வெட்டுகிறார் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது.

இதற்காக, கொடுக்கிறவர்களை நான் ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் அது என் அம்மாச்சியை அவமானப்படுத்துவதாகும்.

எனக்கு அப்போது பத்து வயசிருக்கும். அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். நெல், வாழைத்தார், பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். மேலத்தெருக்காரர் ஒருவர் எலுமிச்சம்பழத்தை ஐநூறு ரூபாய்க்கு எடுத்துக் கைதட்டு வாங்குவார். அம்மாச்சிக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அறுப்பு அவளுக்கு உண்டு, அறுத்தது அவளுக்கு இல்லை. அவள் கூலியாக வாங்கின நெல்லைக் குத்தி, மாவிடித்து, வெல்லம் கடன் வாங்கி அதிரசம் சுட்டுப் புது ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். பெட்டிக்கு மேலே வாழையிலை. இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏலம் விட்டவர் இலையை விலக்கிப் பார்த்தார். மூடினார். “இது யார் கொண்டாந்தது?” யாரோ சொன்னார்கள். “அப்ப இத உங்க தெருவுலயே யாராச்சும் எடுத்துக்கிடுங்கப்பா.” அதட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தாத்தா அஞ்சு ரூவா என்றார். மேலே கேட்க ஆளில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். நாங்கள் படைத்ததை நாங்களே விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த அஞ்சு ரூபாயை மட்டும் கைநீட்டி வாங்கினார்கள். காசுக்குத் தீட்டு கிடையாது. வழியெல்லாம் நாங்கள் பிள்ளைகள் அதிரசத்தைத் தின்றுகொண்டே வந்தோம். அம்மாச்சி ஒன்றுகூட எடுக்கவில்லை.

கொடுப்பதற்கு ஒரு இடம் வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. ஊர் எங்களைக் கை ஏந்துகிறவர்களாகவே வைத்திருந்தது. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. எங்கள் கை ஒருநாளாவது மேலே இருக்கட்டும் என்றுதான் அவள் மாவு இடித்தாள். கத்தோலிக்கத் தோழர்களிடம் கேட்டால் இதையே திருவிழா வரியில் வைத்துச் சொல்வார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரி வசூலிக்கும்போது தலித் தெருவை விட்டுவிட்டுப் போவார்கள். இரக்கப்பட்டு விடுவதில்லை. வரி வாங்கினால் தேர் வடத்தில் பங்கு கொடுக்க வேண்டும், தெருவுக்குள் தேர் வர வேண்டும், கணக்குக் கேட்க உரிமை வந்துவிடும். எங்களிடமும் வரி வாங்கு என்று போராடுகிற சனம் உலகத்தில் வேறெங்கும் உண்டா? 2008 மார்ச்சில் எறையூரில் நடந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் கோயிலில் சம உரிமையும் தனிப்பங்கும் கேட்டதை ஒட்டி எழுந்தவை. கோட்டப்பாளையத்துத் தலித் கிறிஸ்தவர்கள் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் சமபங்கு கேட்டு உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தசமபாகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், வாங்க மறுக்கப்பட்ட காணிக்கையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா?

இந்த இடத்தில் வே. ச. அசரியாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 1874இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வெள்ளைக்காரர் பணத்தில், வெள்ளைக்காரர் மேற்பார்வையில்தான் ஊழியம் நடக்க வேண்டுமா என்று கேட்டு, 1903இல் இந்தியர் பணத்தையும் இந்தியர் ஆட்களையும் வைத்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அவரது பேராயத்தில் பெரும்பகுதி தெலுங்கு நாட்டு மாலர்களும் மாதிகர்களும். அதாவது நம் சனங்கள். கிறிஸ்தவர் கொடுப்பதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது.

அசரியாவிடம் எனக்குப் பிடித்தது, ஏழைகள் வாங்குகிறவர்கள் மட்டுமே என்பதை அவர் ஏற்காதது. பட்டினி கிடக்கிற மாதிகச் சபையும் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். இது கசக்கிப் பிழிவதுபோலத் தெரியும். ஆனால் மிஷன் பங்களா வாசலில் கைகட்டி நின்ற சனத்தைப் பார்த்து ‘நீயும் கொடுக்கிற ஆள்தான்’ என்று சொன்னதில் ஒரு மரியாதை இருந்தது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசினபோது மிஷனரிகளின் முகத்துக்கு நேரே அவர் சொன்னதன் சாரமும் இதுதான்: எங்களுக்காகச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், சிநேகத்தைத் தரவில்லை. பணம் கொடுக்கிறவன் பக்கத்தில் உட்கார மறுத்தால் அந்தப் பணம் என்னவாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவரிடம் எனக்கு மனத்தாங்கல் வேறொன்று. வெள்ளைக்காரனிடம் கேட்ட கணக்கை உள்ளூர் நிலக்காரனிடம் அதே குரலில் அவர் கேட்டாரா? ஏழை கொடுத்துக் கொடுத்து நிமிர வேண்டும் என்பது சரி. ஏழையிடமிருந்து தலைமுறை தலைமுறையாக எடுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுப்பது எந்தத் தலைப்பில் வரும்? கொடையிலா, கடன் தீர்ப்பதிலா? உக்கிராணத்துவம் பேசுகிற இலக்கியம் முழுவதிலும், அசரியாவுக்குப் பிறகு வந்த எல்லாக் கைப்பிரதிகளையும் சேர்த்தே சொல்கிறேன், இந்தக் கேள்வி ஒரு மௌனமாகத்தான் கிடக்கிறது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் அம்பேத்கர். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலைமை பற்றி அவர் எழுதிவைத்த கட்டுரைகள் 1989இல்தான் தொகுப்பில் அச்சாயின. அதில் மிஷன்களின் செலவுக் கணக்கையே அவர் கையில் எடுக்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொட்டிய பணத்தில் பெரும்பகுதிப் பலனை அனுபவித்தது உயர்சாதி இந்துக்களே என்கிறார். மதம் மாறி வந்த ஏழைக்கு வேண்டியது குடியுரிமைப் பாதுகாப்பும் பொருளாதார முன்னேற்றத்துக்கு வழியும். பணம் அங்கே போகவில்லை என்கிறார். உக்கிராணக்காரனே கணக்கை ஒப்புவி என்று எசமான் கேட்ட கேள்வியை, அந்த உக்கிராணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சார்பில் கேட்டவர் அவர். பிரசங்கத்தில் இந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் தெரியப்படுத்துங்கள், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

எல்லா மிஷனரிகளும் அப்படியில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்றவர்கள் பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தை நச்சரித்தார்கள். கலெக்டர் திரமென்கீர் 1891இல் அறிக்கை எழுதினார், 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. பத்துப் பேருக்குக் கஞ்சி ஊற்றியதைவிட அந்த மனுக்கள் பெரிய கொடை என்பேன். ஆனால் அந்த நிலமும் கைமாறிக் கைமாறி எங்கே போனது என்று நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு பெயரில் யோவான், ஒரு பெயரில் வெங்கடாசலபதி. நிலம் கேட்டபோது குண்டு பேதம் பார்க்கவில்லை.

நம் இலக்கியத்துக்கு வருவோம். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அதை ஒரு பெண்ணின் தன்கதையாகவும் சபைக்குள் சாதி பற்றிய சாட்சியமாகவும் நாம் வாசித்தோம். நான் அதை ஒரு கணக்குப் புத்தகமாகவும் வாசிக்கிறேன். மடத்தில் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஏழ்மையே எட்டிப்பார்க்காத வாழ்க்கை வாழ்ந்ததை அவர் எழுதுகிறார். எதுவும் என்னுடையது இல்லை என்று சபதம் செய்தவர்களிடம் எல்லாமும் இருந்தது. எதுவுமே இல்லாத பாட்டிகள் நாயக்கர் வீட்டு மிச்சச் சோற்றுக்கு ஏனம் நீட்டினார்கள், அதையும் மேலேயிருந்து போட்டார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றாக வைத்துப் பாருங்கள், வரவு செலவு புரியும்.

அதில் வருகிற தேங்காய்ச் சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துத் தேங்காயை இவள்தான் திருடினாள் என்று சின்னப் பிள்ளை மேல் பழி விழுகிறது. பாதிரியாரிடம் முறையிடப் போனால், சேரிப்பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிற தோரணையில் பதில் வருகிறது. லூக்காவின் உக்கிராணக்காரன் மேலும் புகார்தான் வந்தது. அவனிடம் கணக்கு கேட்டார்கள், அவகாசமும் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளையிடம் கணக்குக்கூடக் கேட்கவில்லை. பிறப்பையே கணக்காக எடுத்துக்கொண்டார்கள். சொத்து உள்ளவன் விரயம் செய்தால் அது பொறுப்பின்மை; சொத்தில்லாதவள் அதன் பக்கத்தில் நின்றாலே அது திருட்டு. மடத்தை விட்டு வெளியே வந்த பாமா கையில் காசில்லாமல், வேலையில்லாமல் நின்றதையும் எழுதுகிறார். வார்த்தைப்பாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அவருக்கு ஏழ்மை வாய்த்தது.

இதுவரைக்கும் எழுதுவது சுலபம். சபையைத் திட்டினால் நம் தோழர்கள் கைதட்டுவார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ பக்கம் வரும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

1994இல் அந்த நாவல் வந்தபோது நம் வட்டாரத்தில் எழுந்த சத்தம் மூத்த தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். தலித்துகளைத் தலித்துகளே ஒடுக்குவதாகக் காட்டுவது யாருக்குச் சாதகம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆரோக்கியம் என்கிற அந்த வண்ணாத்தியை எனக்குத் தெரியும். தென்னாற்காட்டுப் பக்கத்துக் காலனிக்குத் துணி வெளுத்துப் பிழைக்கிற கிறிஸ்தவக் குடும்பம். புருசன் சவுரி. ஒரு மகனையாவது சாமியார் படிப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கனவு. பிரசவத்துக்கும் சாவுக்கும் அவள் வேண்டும். பொழுது சாய்ந்தால் வீடு வீடாகச் சோறு எடுக்கப் போக வேண்டும். களத்தில் அவளுக்கு விழுகிற தானியம் வருசத்துக்கு வருசம் குறைகிறது. கொடுக்கிறவர்கள் பறையர்கள். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்று சற்று முன்னால் எழுதினேனே, இங்கே மேலே இருக்கிற கை யாருடையது?

எங்கள் தெருவுக்கும் ஒரு வண்ணார் குடும்பம் இருந்தது. எங்கள் கோயிலில்தான் அவர்களும் ஜெபித்தார்கள், கடைசி வரிசையில். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மேலத்தெருக்காரர்கள் எங்களைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம். அதிரசத்தை ஏலத்தில் எடுக்க ஆளில்லாமல் போன அந்த நாளில், எங்களுக்கு வெளுத்துப் போட்ட அந்தக் கிழவி என்ன காணிக்கை கொண்டுவந்தாள் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் விசயம். அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை. “அவுக என்னத்தக் கொண்டாரப் போறாக, பாவம்” என்றாள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லில் ஒரு உக்கிராணச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். இந்த இதழை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டினால் வாங்கிக்கட்டிக்கொள்வேன்.

இமையம் இதை உபதேசமாக்கவில்லை என்பது அந்த நாவலின் பலம். ஆரோக்கியத்தின் நம்பிக்கையை அவர் கேலி செய்வதில்லை. அவளைத் தியாகச் சுடராக்கிப் பீடத்தில் ஏற்றுவதும் இல்லை. அவளது புலம்பலில் வருகிற ஆண்டவரும் காலனிக்காரர்களும் ஒரே ‘சாமி’ என்கிற விளியில் கலந்துவிடுவதைத் தமிழ் தெரிந்தவர்கள் கவனிக்கலாம். வேலையைக் கொடுக்கிறவனும் சாமி, சோறு போடுகிறவனும் சாமி, கோயிலில் இருப்பவரும் சாமி, கோயிலை நடத்துகிறவரும் சாமி. எல்லோரிடமும் கை ஏந்துகிறவளைப் பார்த்து எந்தச் சாமியாவது உன் பங்கு எவ்வளவு என்று கேட்கிறாரா? நாவல் முடிகிறவரைக்கும் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பாமா ‘கருக்கு’ எழுதி முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது எங்கள் சபையில் காணிக்கைக்குக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிற வசதிகூட வந்துவிட்டது. கைப்பிடி அரிசி மட்டும் அப்படியே இருக்கிறது. உலையில் போடுவதற்கு அளக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாசத்துக்கு ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுபோவது. பெண்கள் செய்வது. ஆண்கள் பெயரில் ரசீது போட முடியாத காணிக்கை அது. அம்மா ரேசன் அரிசியிலும் பிடி எடுக்கிறாள்.

அம்மாச்சி செத்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ரெண்டு வருசம் அவள் படுக்கையில் கிடந்ததால் சபைச் சந்தா பாக்கி. சந்தா நிலுவை இருந்தால் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு அனுமதிச் சீட்டு தரமாட்டார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மாமா பாக்கியைக் கட்டிவிட்டு வந்தார். ஐம்பது வருசமாக அவள் போட்ட பிடி அரிசியை யாரும் அந்தக் கணக்கில் கழிக்கவில்லை. எண்ணெய் நூறை ஐம்பதாக்கி எழுதச் சொன்ன கதையைப் புத்தகத்தில் வைத்திருக்கிற சபை இது.

அதனால்தான் அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் செயலாளரிடம் கேட்டேன். கைப்பிடி அரிசி விற்ற பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது? யாருக்குச் செலவாகிறது? கடந்த மூன்று வருசக் கணக்கைச் சபைக் கூட்டத்தில் வைப்பீர்களா? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டத்தில் பேச வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், பட்டியலில் பெயர் வரச் சந்தா பாக்கி இருக்கக்கூடாது, உங்களுக்கு எத்தனை வருசப் பாக்கி தெரியுமா என்றார். பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

பாக்கி எண்ணூற்று நாற்பது ரூபாய். அங்கேயே எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். சபைக் கூட்டம் அடுத்த மாதம். அம்மா கலயத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கடைசி வரிசையிலிருந்தும் ஒருத்தி வருவாளா என்று கேட்கப் போயிருந்தேன். கிழவியின் மருமகள் கதவைத் திறந்தாள். “கணக்கு கேக்கவா? மொதல்ல உங்க தெருக்காரங்க எங்களுக்குத் தர வேண்டிய கணக்கச் சொல்லு” என்றாள். திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.